ஸ்ட்ரிங் கட்ட நேரமில்லை: வீட்டு மேசையில் நடக்கும் தவறுகள்

கோலாலம்பூரில் எந்தப் பூப்பந்துக் கூட்டத்தை எடுத்துக்கொண்டாலும் அதில் மட்டைக்கு ஸ்ட்ரிங், அதாவது வலை இழை, கட்டும் இயந்திரத்தை வீட்டிலேயே வைத்திருப்பவர் ஒருவர் இருப்பார். செந்தூலோ கெப்போங்கோ, அவர் வீட்டு மூலையில் கூட்டாளிகளின் மட்டைகள் நாலைந்து சாய்ந்து கிடக்கும். எப்போது கிடைக்கும் என்று கேட்டால், "நேரமே இல்லைண்ணே, இந்த வாரம் பார்ப்போம்" என்பார்.

கணக்குப் போட்டால் அப்படி ஒன்றும் பெரிய நேரமில்லை. கை பழகியவருக்கு மின் இயந்திரத்தில் ஒரு மட்டை முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். எடை தொங்கும் கோலால் இழையை இழுக்கும் இயந்திரத்தில் ஒரு மணி நேரம், புதியவருக்கு ஒன்றரை. நேரம் வீணாவது கட்டுவதில் அல்ல. துண்டு துண்டாகச் செய்யக்கூடிய வேலைகளை ஒரே மூச்சில் செய்யப் பார்க்கிறார்கள். ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதைத் துண்டு போடுகிறார்கள். கீழே வரும் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

பாதியில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போவது

முதலில் இதையே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதில் போவது ஸ்ட்ரிங் மட்டுமல்ல, மட்டையும்தான். நெசவில் பாவும் ஊடும் போல மட்டையில் நெடுக்கும் குறுக்கும். பெரும்பாலான மட்டைகளில் நெடுக்கு 22 இழை. அத்தனையும் இழுத்து முடித்த நிலையில் சட்டத்தின் உச்சியும் கழுத்தும் ஒன்றை நோக்கி ஒன்று இழுபடும். தலை நீளத்தில் குறுகிப் பக்கவாட்டில் விரியப் பார்க்கும். பிறகு குறுக்கிழைகள் ஏற ஏற அந்த விரிவு உள்ளே இழுக்கப்பட்டு, தலை பழைய வடிவத்துக்குத் திரும்பும். நெடுக்கை மட்டும் கட்டிவிட்டு, "மணி 12 ஆச்சு, மிச்சம் நாளைக்கு" என்று விளக்கணைத்தால், அந்தக் கார்பன் சட்டம் இரவு முழுக்கக் கோணலான சுமையைத் தாங்கி நிற்கிறது. இயந்திரத்தின் தாங்கிகள் பிடித்துக்கொள்ளும் என்று நம்புவது பாதி உண்மைதான். இழுத்த இழை நழுவாமல் பிடிக்கும் கிளாம்பின் பிடியில் இருக்கும் நைலான் இழையும் அதற்குள் சும்மா இருப்பதில்லை. மெல்ல நீண்டு இழுவையை இழக்கும். மறுநாள் கட்டும் குறுக்குக்கும் முந்தின இரவின் நெடுக்குக்கும் பொருத்தம் இருக்காது.

முதல் நெடுக்கை இழுத்த கணத்திலிருந்து கடைசி முடிச்சு வரை ஒரே அமர்வு. கைப்பேசி அழைப்புக்குப் பத்து நிமிடம் எழுந்து போனால் குடி முழுகிவிடாது. ஆனால் வீட்டில் அவசரம், இன்று முடியவே முடியாது என்றால், கட்டியதை வெட்டி எடுத்துவிடுங்கள். போவது 10 மீட்டர் ஸ்ட்ரிங். சட்டத்தில் கீறல் விழுந்தால் மட்டையின் விலை போகும்.

அதனால் நாளைத் தேர்ந்தெடுப்பதுதான் உண்மையான நேரத் திட்டம். ஆட்டம் இரவு 8 முதல் 10 வரை என்றால் ஆடிவிட்டு வந்து உட்காராதீர்கள். வியர்த்த கை, சோர்ந்த கண், நடுங்கும் முன்கை. அன்று குறுக்கிழை பின்னினால் மூன்று வரிசை தாண்டிய பிறகுதான் தப்பு கண்ணில் படும். ஆட்டமில்லாத வார நாள் ஒன்றில் சாப்பாட்டுக்குப் பின் ஒன்றரை மணி நேரம், அல்லது ஞாயிறு காலை வீடு எழுவதற்கு முன் இரண்டு மணி நேரம். இதில் ஒன்றை நிலையாக வைத்தால் போதும். "நேரம் கிடைக்கும்போது" என்று விட்டால் மட்டைகள் மூலையிலேயே கிடக்கும்.

துண்டு வேலைகளை அந்த அமர்வுக்குள் அடைப்பது

பழைய ஸ்ட்ரிங்கை வெட்டி எடுப்பது, குரோமெட்டுகளை (சட்டத்தின் துளைகளில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் குழாய்களை) பார்ப்பது, சட்டத்தைத் துடைப்பது, புது இழையை அளந்து வெட்டுவது, எந்த மட்டைக்கு எத்தனை பவுண்டு இழுவை என்று எழுதி ஒட்டுவது. இவை ஒவ்வொன்றும் ஐந்து பத்து நிமிட வேலை. அரிசி வேகும் நேரத்தில் செய்யலாம், தொலைக்காட்சி முன் உட்கார்ந்தும் செய்யலாம். இவற்றை அமர்வுக்கு முந்தைய நாளே முடித்துவிட்டால் ஒரு மட்டைக்குக் கால் மணி நேரமாவது மிச்சமாகும்.

வெட்டுவதற்கும் முறை உண்டு. நடுவிலிருந்து தொடங்கி நெடுக்கு ஒன்று, குறுக்கு ஒன்று என்று மாறி மாறி வெளிப்பக்கம் வெட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு பக்கமாகவே வெட்டினால் சட்டத்தின் சுமை ஒரு பக்கம் சாயும். உண்மையில் இந்த வேலை உங்கள் மேசைக்கு வரவே கூடாது. ஆடும்போது ஓர் இழை அறுந்தால் மிச்ச இழைகளின் இழுவை சமன் கெட்டு நிற்கும். அப்படியே பையில் போட்டு நாலு நாள் வைத்திருப்பது மட்டைக்கு ஆபத்து. கோர்ட்டிலேயே வெட்டிவிடச் சொல்லுங்கள். பையில் ஒரு சின்னக் கத்தரி போதும். கூட்டாளிகளிடம் இதை ஒரு நிபந்தனையாகவே வைக்கலாம்: வெட்டாத மட்டையை வாங்குவதில்லை.

குரோமெட்டை முன்கூட்டியே பார்க்காததுதான் நேரத்தை அதிகம் தின்னும் தவறு. பாதி கட்டிய நிலையில் ஒரு குரோமெட் பிளந்திருப்பது தெரிந்தால் என்ன செய்வீர்கள்? அந்த இடத்தில் இழை நேராகக் கார்பன் துளையின் விளிம்பில் உரசும். விட்டால் இரண்டே ஆட்டத்தில் அறுந்து திரும்பி வரும். மாற்றினால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். வெற்றுச் சட்டத்தை விளக்குக்கு நேராகப் பிடித்து ஒரு சுற்று பார்க்க இரண்டு நிமிடம். உச்சிப் பகுதியில் அதிகக் கவனம் வேண்டும். தரையில் உரசி முதலில் தேய்வது அதுதான். சட்டத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தால் கட்டாதீர்கள், உரியவரிடம் காட்டித் திருப்பிக் கொடுங்கள். இழுவை ஏற்றும்போது உங்கள் மேசையில் உடைந்தால், "நீதான் உடைத்தாய்" என்ற பேச்சு வரும்.

சுருளிலிருந்து எடுப்பவர்கள் 200 மீட்டர் சுருளை 20 துண்டாகக் கணக்கு வைக்கலாம். அத்தனையும் இன்றே வெட்டி வைக்க வேண்டாம். வரும் அமர்வுக்கு வேண்டியதை மட்டும் வெட்டி, இறுக மடிக்காமல் பெரிய வளையமாகச் சுற்றி வையுங்கள். நைலான் ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்க் காற்றில் பால்கனியில் திறந்து கிடக்கும் சுருள் வேண்டவே வேண்டாம். பூட்டும் பிளாஸ்டிக் பையில் போட்டு அலமாரிக்குள் வையுங்கள்.

இயந்திரத்தை ஒவ்வொரு முறையும் எடுத்து வைப்பது

சாப்பாட்டு மேசையில் ஏற்றி, திருகி, முடிந்ததும் கழற்றிப் பெட்டியில் வைத்தால் ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் போகும். மனமும் அதோடு போகும். சின்ன கொண்டோவாக இருந்தாலும் ஒரு முக்காலி அளவு இடத்தில் இயந்திரத்தை நிரந்தரமாக நிறுத்தித் துணி போட்டு மூடி வையுங்கள். சாப்பாட்டு மேசை உயரம் நின்று வேலை செய்பவருக்குப் போதாது. குனிந்தே கட்டினால் இரண்டாவது மட்டையில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மட்டையின் தலை உங்கள் முழங்கை உயரத்துக்குச் சற்றுக் கீழே வருவது நல்லது. விளக்கு நேர் மேலே வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். வெள்ளை இழைக்கு அடியில் கறுப்புத் துணியும், கறுப்பு இழைக்கு அடியில் வெள்ளைத் துணியும் விரித்தால் மேல் கீழ் பின்னல் பளிச்சென்று தெரியும்.

குறுக்கிழையில் விழும் நேரம்

நெடுக்கு சீக்கிரம் முடிந்துவிடும். அமர்வின் பெரும்பகுதி குறுக்கிழைக்கே போகும். இங்கே அவசரப்படுபவர்கள் இழுத்த இழைக்குப் பக்கத்திலேயே அடுத்ததைப் பின்னப் பார்த்துத் திணறுவார்கள். அதற்குப் பதிலாக ஒரு வரிசை முன்னதாகவே பின்னி வையுங்கள். அதாவது, ஐந்தாவது இழையை இழுக்கும் முன் ஆறாவதைத் தளர்வாகப் பின்னிவிட வேண்டும். தளர்ந்து கிடக்கும் ஐந்தாவது இழை நெடுக்குகளை ஒன்று விட்டு ஒன்றாகத் தூக்கிக் கொடுப்பதால் ஆறாவது எளிதாக நுழையும், உரசலும் குறையும். பழக நாலைந்து மட்டை ஆகும். பழகிய பின் வேறு முறைக்குத் திரும்ப மாட்டீர்கள்.

இழையை ஒரே இடத்தில் வேகமாக இழுத்து ஓட்டாதீர்கள். நைலான் மீது நைலான் உரசும்போது சூடேறி நெடுக்கில் வடு விழும். இழுக்கும் கையை மேலும் கீழும் விசிறி மாதிரி அசைத்துக்கொண்டே இழுத்தால் உரசும் புள்ளி மாறிக்கொண்டே இருக்கும். 0.70 மில்லிமீட்டர் தடிமன் உள்ள யோனெக்ஸ் பிஜி 65 இழை இந்த உரசலைப் பொறுத்துக்கொள்ளும். 0.65 உள்ள பிஜி 66 அல்டிமேக்ஸ் பொறுக்காது.

வரிசையை நேராக்குவதைக் கடைசிக்கு ஒத்திப்போடுவது இன்னொரு வீண் சிக்கனம். இழுத்த இழை வளைந்து நிற்கும்போது கிளாம்ப் போட்டு, எல்லாம் முடிந்த பின் விரலால் நேராக்கினால், வளைவில் மறைந்திருந்த நீளம் தளர்ச்சியாக வெளிவரும். 26 பவுண்டு என்று கொடுத்தது தட்டிப் பார்த்தால் 24 மாதிரி ஒலிக்கும். இழுவை ஏறிக்கொண்டிருக்கும்போதே விரல் நுனியால் நேராக்கிவிடுங்கள். இயந்திரம் மிச்சத்தை இழுத்துக்கொள்ளும்.

கோலைக் கிடைமட்டமாக்கும் பித்து

எடைக்கோல் வைத்திருப்பவர்களில் பலர், கோல் இம்மி பிசகாமல் கிடைமட்டமாக நிற்க வேண்டும் என்று ஒவ்வோர் இழைக்கும் இரண்டு மூன்று முறை பிடியை மாற்றுவார்கள். நாற்பதுக்கு மேற்பட்ட இழையில் இது கால் மணி நேரத்தை விழுங்கும். கோல் 10 பாகை சாய்ந்தாலும் இழுவையில் குறைவது சுமார் 1.5 விழுக்காடுதான், 24 பவுண்டில் அரைப் பவுண்டுகூட இல்லை. ஐந்து பாகைக்குள் நின்றால் விட்டுவிட்டு நகருங்கள்.

மின் இயந்திரத்துக்கு மாறியவர்கள் வேறு பள்ளத்தில் விழுகிறார்கள். கைப்பிடி சுற்றும் பூட்டு வகை இயந்திரம், குறித்த அளவைத் தொட்டதும் பூட்டிக்கொள்ளும். அதன் பின் இழை நீளும்போது இழுவை இறங்கும். மின் இயந்திரமோ விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டிலும் 26 என்று வைத்தால் இரண்டும் ஒரே 26 அல்ல. மின் இயந்திரத்தில் கட்டியது இறுக்கமாக இருக்கும். பழைய எண்ணை அப்படியே எடுத்துப் போனால், கூட்டாளி தோள் வலி என்று வருவார்.

ஒரே அமர்வில் மூன்று மட்டை, மூன்று விதம்

மூன்றையும் சேர்த்துக் கட்டுவது நேரத்துக்கு நல்லது. ஆனால் வந்த வரிசைப்படி கட்டாதீர்கள், ஸ்ட்ரிங் வாரியாகப் பிரியுங்கள். கிளாம்பின் பிடி இழையின் தடிமனுக்கு ஏற்றது. 0.70க்குத் திருகி வைத்த பிடியில் 0.65 வழுக்கும், 0.65க்கு இறுக்கிய பிடி 0.70ஐ நசுக்கும். தடித்தவற்றை முதலில் முடித்து, ஒரு முறை பிடியை மாற்றி, கிளாம்பின் பல்லை ஆல்கஹாலில் துடைத்து, மெல்லியவற்றுக்குப் போங்கள்.

குறுக்கை நெடுக்கைவிட 2 பவுண்டு, அல்லது பத்து விழுக்காடு, கூட்டிக் கட்டுவது பலரின் வழக்கம். கூட்டியவர் அடுத்த மட்டையின் நெடுக்குக்குத் திரும்பக் குறைக்க மறப்பதுதான் இரவு பதினொரு மணிக்கு அடிக்கடி நடக்கும் பிழை. இயந்திரத்தில் முன்னிழுப்பு (குறித்த அளவுக்கு மேல் முதலில் சற்றுக் கூடுதலாக இழுப்பது) 10 விழுக்காடு என்று முந்தைய மட்டைக்கு வைத்ததும் அப்படியே நின்றுவிடும். சட்டத்தில் அச்சிட்ட உச்ச அளவை இரண்டும் சேர்ந்து தாண்டவைக்கும். மட்டையை ஏற்றும்போதே, ஒட்டியிருக்கும் துண்டுத்தாளை வாய்விட்டுப் படித்துத் திரையைப் பாருங்கள்: பெயர், ஸ்ட்ரிங், நெடுக்கு, குறுக்கு, தேதி. பவுண்டா கிலோவா என்பதையும் எழுதுங்கள்; 24 பவுண்டு என்பது 10.9 கிலோ, சில இயந்திரங்கள் அணைத்துப் போட்டதும் கிலோவுக்கே திரும்பிவிடும்.

ஒரு வார நாள் இரவில் இரண்டு, ஞாயிறு காலை மூன்று. இதற்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். தீபாவளிக்கு முந்தைய வாரமும் பள்ளிப் போட்டிக் காலமும் வந்தால் எல்லாரும் ஒரே நாளில் நீட்டுவார்கள். அப்போது "நாளைக்கு" என்று சொல்லாமல் "வியாழன் இரவு" என்று நாளைக் குறித்துச் சொல்லுங்கள். முடிந்த மட்டையை வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு அலைய வேண்டாம் என்றும் அப்போதே சொல்லிவிடுங்கள். சூட்டில் இழை தளரும். அடுத்த ஆட்டத்தில் அது தொளதொளவென்று இருந்தால், குறை உங்கள் கைக்குத்தான் வரும்.