சுவிஸ் கிளம்பும் நம்ம மலைப் பிள்ளைகளுக்கு: அந்த நாட்டை ஆளும் ஏழு பேரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போங்கள்

கூடலூரில் மழை விட்டபாடில்லை. நான் லீவுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. எங்கள் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் மூன்றாவது வீட்டுப் பெண் அடுத்த மாதம் கணவனோடு சூரிச் போகிறாள், தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்து "அக்கா, வேற என்ன எடுத்துட்டுப் போகணும்?" என்று கேட்கிறாள். ஸ்வெட்டர், தேயிலைத்தூள், வர்க்கி எல்லாம் அவளே எழுதி வைத்துவிட்டாள். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கும் உதவும்.

முதலில் செய்ய வேண்டியவை உங்களுக்கே தெரியவரும். போய் இறங்கி 14 நாளுக்குள் நீங்கள் குடியிருக்கும் ஊரின் அலுவலகத்தில் பதிய வேண்டும், அதை அங்கே கமைண்டே என்பார்கள். 3 மாதத்துக்குள் மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும். தள்ளிப்போட்டால் மிச்சம் என்று நினைக்காதீர்கள், வந்த நாளிலிருந்து கணக்குப் போட்டுத்தான் பில் வரும். மொழி வகுப்பில் முதல் மாதமே சேர்ந்துவிடுங்கள். சரி, இதெல்லாம் எல்லாரும் சொல்வது.

யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. குடியுரிமைக்கு 10 வருஷம் அந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும், நிரந்தரமாகத் தங்கும் அனுமதியான சி பெர்மிட் கையில் இருக்க வேண்டும், அது போக நீங்கள் இருக்கும் மாநிலத்திலேயே 2 முதல் 5 வருஷம் வரை இருந்திருக்க வேண்டும் (இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், வீடு மாற்றுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்). இவ்வளவும் முடித்துத்தான் நான் நேர்காணலுக்குப் போனேன். ஒரு நீள மேசை, எதிரே மூன்று பேர். நகராட்சி, வரி, குப்பைப் பை வரைக்கும் கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அப்புறம் ஒருவர், "இந்த நாட்டு அரசாங்கத்தை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. மக்கள் ஓட்டுப் போடுவார்கள், அதிக இடம் ஜெயித்த கட்சியின் தலைவர் பிரதமர் ஆவார், அவர் மந்திரிகளை வைத்துக்கொள்வார் என்று கடகடவென்று சொன்னேன். நடுவில் இருந்த அம்மாள் பேனாவை மூடி வைத்தார். அந்தச் சின்னச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது: நாட்டின் ஆட்சிமுறை பற்றிய அறிவு போதவில்லை, ஒரு வருஷம் கழித்து மறுபடி வரவும். கட்டிய பணம் போனது போனதுதான்.

பக்கத்துக் கட்டிடத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணா கடிதத்தைப் படித்துவிட்டு, "தங்கச்சி, இஞ்ச பிரதமர் எண்டு ஒருத்தரும் இல்ல" என்றார். பத்து வருஷம் அந்த நாட்டில் வரி கட்டியிருக்கிறேன், எனக்கு அது தெரியாது.

விஷயம் இதுதான். அங்கே மத்திய மந்திரிசபை ஏழே பேர். அதன் பெயர் புண்டஸ்ராட். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது நாடாளுமன்றத்தை மட்டும். இந்த ஏழு பேரைத் தேர்ந்தெடுப்பது அந்த நாடாளுமன்றம்தான். 200 பேர் கொண்ட அவையும் 46 பேர் கொண்ட மாநிலங்கள் அவையும் பெர்னில் ஒரே மண்டபத்தில் சேர்ந்து உட்காருவார்கள், ஆக 246 ஓட்டு. நாலு வருஷத்துக்கு ஒருமுறை, அக்டோபரில் பொதுத்தேர்தல் முடிந்த பின் டிசம்பரில் இது நடக்கும். ஏழு பேரையும் ஒரே பட்டியலாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக ரகசிய ஓட்டு, நெடுநாள் பதவியில் இருப்பவரின் இடம் முதலில். சீட்டை இருக்கைக்கே கொண்டுவந்து கொடுத்து வாங்கிப்போவார்கள். எண்ணி முடித்ததும் அவைத்தலைவர் நின்று வாசிப்பார்: கொடுத்த சீட்டு இத்தனை, வந்தது இத்தனை, வெற்றுச்சீட்டு இத்தனை, செல்லாதது இத்தனை, செல்லுபடியானது இத்தனை, பாதிக்கு மேல் என்றால் இத்தனை. அந்த எண்ணைத் தாண்டினால்தான் ஜெயிப்பு. தாண்டாவிட்டால் அடுத்த சுற்று. முதல் இரண்டு சுற்றில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம், மூன்றாவதிலிருந்து புதுப்பெயர் கிடையாது, கடைசியில் இருப்பவர் வெளியேறுவார்.

குடியரசுத் தலைவர் என்ற பெயரிலும் ஏமாந்துவிடாதீர்கள். அந்த ஏழு பேரில் ஒருவரை அதே அவை ஒரு வருஷத்துக்குத் தலைவராக்கும். அவர் தன் துறையையும் பார்த்துக்கொண்டே கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், மற்ற ஆறு பேருக்கு மேலானவர் இல்லை. அடுத்த வருஷமும் தொடர்ந்து அவரே இருக்க முடியாது.

நம் ஊர்ப் பழக்கம் இன்னொரு இடத்திலும் காலை வாரும். 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்ததை அப்பா ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அங்கே நம்பிக்கையில்லாத் தீர்மானமே கிடையாது. தேர்ந்தெடுத்துவிட்டால் நாலு வருஷம் இருப்பார்கள். பெரிய கட்சிகள் நாலும் 2-2-2-1 என்று பங்கு வைத்துக்கொள்வது வழக்கம். 1959-இல் ஆரம்பித்த இந்த ஏற்பாட்டுக்கு மந்திரச் சூத்திரம் என்று பெயர், ஆனால் சட்டத்தில் எழுதியது இல்லை. பதவியில் இருந்து மறுபடி நின்று தோற்றவர்கள் 1848 முதல் நாலே பேர். கடைசியாகத் தோற்றவர் கிறிஸ்டோஃப் ப்ளோஹர். 2007 டிசம்பரில், வேட்பாளராகவே அறிவிக்கப்படாத எவலின் விட்மர்-ஷ்லும்ப்ஃப் பெயரை எழுதிப்போட்டு 125க்கு 115 என்று அவரை இறக்கினார்கள். அந்த அம்மா ஒரு ராத்திரி யோசித்துவிட்டு மறுநாள்தான் ஏற்றுக்கொண்டார்.

மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டுமே என்று எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது. 1900, 1942, 2013 என்று மூன்று தடவை அதையே பொது ஓட்டுக்கு விட்டிருக்கிறார்கள், மூன்று தடவையும் மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு கோபம் அடங்கியது.

ஆனால் அந்தக் கடிதத்துக்கு நான் ஏன் அப்படி அழுதேன் என்று கணவருக்கே புரியவில்லை. எங்கள் அப்பாயி இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து கொழுந்து பறித்தவர். 1948-இல் சிலோனில் சட்டம் போட்டு நாடில்லாதவர் ஆக்கினார்கள். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, அவரைப் போன்றவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே என்று பிரித்தார்கள், மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்தார்கள். அப்பாயியை யாரும் கேட்கவில்லை. கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு அரசுத் தேயிலைத் தோட்டமான இந்த டான்டீ லைனுக்கு வந்தார். அந்தக் குடும்ப அட்டை இப்போதும் தகரப்பெட்டியில், எனக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. யார் ஆள்கிறார்கள், அவர்களை யார் உட்கார வைக்கிறார்கள் என்று தெரியாமலே எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை இடம் மாறியிருக்கிறது. நானும் அதே கேள்வியில் போய் நின்றேன்.

அடுத்த வருஷம் அதே மேசை, அதே அம்மாள். கேள்வி வரும் முன்னே சொல்லிவிடத் துடித்தேன். "246 சீட்டும் செல்லுபடியானால் எத்தனை வேண்டும்?" என்று கேட்டார். 124 என்றேன். எழுதிக்கொண்டார்.

அதனால் பிள்ளைகளா, போன முதல் வருஷமே இதைப் படித்துவையுங்கள், பத்தாவது வருஷத்துக்கு வைக்காதீர்கள். அடுத்த முழுத் தேர்தல் 2027 டிசம்பரில். காலை 8 மணிக்கு டிவியில் நேரடியாகக் காட்டுவார்கள், இங்கே கூடலூரில் அப்போது மதியம் பன்னிரண்டரை. அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு வைத்துக்கொண்டு பாருங்கள், அவைத்தலைவர் எண்களை வாசிக்கும்போது கூடவே ஒரு தாளில் எழுதுங்கள்.