கண் அழுத்த நோய் அறுவைக்குப் பிறகு தவிர்க்க வேண்டிய தவறுகள்

"புரை எடுத்த பங்காளி நாலாம் நாளே பேப்பர் படிக்கிறார். எனக்கு மட்டும் ஏனுங்க மங்கலாகவே இருக்கிறது?" கொங்குப் பகுதிப் பெரியவர்கள் பலருக்கும் இந்த ஆதங்கம் உண்டு. கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோயில் பட்டுப்போன பார்வை நரம்பு மீண்டும் துளிர்ப்பதில்லை. மிச்சமுள்ள பார்வையைக் காப்பதற்குத்தான் அறுவை. இது புரியாமல் மருத்துவமனைப் பக்கமே போகாமல் விடுவது முதல் தவறு.

அதைவிடப் பெரிய தவறு, சொட்டு மருந்தை நாமே நிறுத்துவது. இந்த நோய்க்குச் செய்யும் டிராபெகுலெக்டமி அறுவையில், வெள்ளை விழியில் சிறு வழி திறந்து, உள்ளே தேங்கும் நீரை மேலிமைக்கு அடியில் வடியவிடுகிறார்கள். மற்ற புண்கள் ஆற வேண்டும். இந்த வழியோ மூடிவிடக் கூடாது. உடம்புக்கு அது தெரியாது, தழும்பு கட்டி அடைக்கவே பார்க்கும். அதைத் தடுப்பது ஸ்டீராய்டு சொட்டு மருந்து. தொடக்கத்தில் அடிக்கடி விட்டு, பெரும்பாலும் 2, 3 மாதங்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். சிவப்பு குறைந்ததும் "சரியாகிவிட்டது" என்று நிறுத்தினால் வழி அடைபடலாம். அழுத்தம் பெரும்பாலும் வலியில்லாமலே ஏறும். அளந்து பார்த்தால்தான் தெரியும். முதல் சில வாரங்களில் லேசரால் தையலைத் தளர்த்தி வடிகாலைச் சீராக்க முடியும். நோம்பி, அறுவடை என்று பரிசோதனையைத் தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பு கைநழுவும்.

சிலருக்கு நேர்மாறாக நீர் அதிகமாக வடிந்து, அழுத்தம் மிகவும் இறங்கிப் பார்வை மங்கும். பெரும்பாலும் கண்காணிப்பிலேயே தேறிவிடும். ஆனால் அந்த நாட்களில் பால் கேனைத் தூக்குவதும், குனிந்து சோளத் தட்டுக் கட்டை இழுப்பதும், மலச்சிக்கலில் முக்குவதும் கண்ணுக்குள் ரத்தம் கசியக் காரணமாகலாம். கண்ணைக் கசக்கவே கூடாது.

அறுவை செய்த கண்ணுக்கு, முன்பு விட்டுவந்த அழுத்த மருந்தை நிறுத்தச் சொன்னால், மறு கண்ணுக்கும் நிறுத்திவிடுகிறார்கள். மருத்துவர் சொல்லாமல் அதை விடக் கூடாது. புட்டிகளில் "வலது", "இடது" என்று பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை மருத்துவர் அனுமதிக்கும்வரை ஒத்திவையுங்கள். விளக்கெண்ணெய், தாய்ப்பால், கொத்தமல்லித் தண்ணீர் எதையும் கண்ணில் விடாதீர்கள். திருப்பூர், சோமனூர்ப் பக்கம் பஞ்சுத் தூசியில் வேலை செய்பவர்கள் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தறிப் பக்கம் போகாதீர்கள்.

நான் மிகவும் அஞ்சுவது, ஆண்டுகள் கழித்து வரும் தொற்றை. நீர் வடியும் இடத்தில் தோல் மெலிந்திருப்பதால், கிருமி எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். கண் சிவந்து, பீளை கட்டி, வலித்தால் "மெட்ராஸ் ஐ" என்று மருந்துக்கடையில் சொட்டு வாங்காதீர்கள். சிவப்பு, வலி, வெளிச்சம் பார்க்கக் கூசுதல், திடீரென நீர் கொட்டுதல், பார்வை மங்குதல், இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். தாராபுரத்திலிருந்தோ வெள்ளகோவிலிலிருந்தோ கோவைக்கு மறுநாள் போகலாம் என்று காத்திருக்காமல், அருகிலுள்ள கண் மருத்துவரிடம் போய், "இது கிளாக்கோமா ஆபரேஷன் செய்த கண்" என்பதை முதலில் சொல்லுங்கள்.