பழைய கம்ப்யூட்டரை தூக்கிப் போடாம ஆபீஸ் செலவ குறைக்கிறது எப்படி

புதுசா எதையும் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி, ஆபீஸ்ல என்னென்ன மெஷின் இருக்கு, எந்த வருஷத்து மாடல், எவ்வளவு ரேம், யாரு யூஸ் பண்றாங்கன்னு ஒரு லிஸ்ட் போடுங்க, அலமாரில சும்மா கிடக்குறதையும் விடாம சேருங்க.

ஸ்லோவா இருக்குன்னு ஒதுக்கி வச்ச பல லேப்டாப்ல ஹார்ட் டிஸ்க்தான் பிரச்சனையா இருக்கும், அத கழட்டிட்டு எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கவிட ரொம்ப வேகமான ஸ்டோரேஜ்) போட்டு ரேம 8 ஜிபிக்கு ஏத்தினா மெயில், பில்லிங், எக்ஸல் வேலைக்கெல்லாம் தாராளமா இன்னும் சில வருஷம் ஓடும். ஆனா சில மெலிசான லேப்டாப்ல ரேம் போர்டோடவே சால்டர் பண்ணியிருப்பாங்க, அத மாத்த முடியாது, அதனால ரேம் வாங்குறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட இலவச சப்போர்ட் முடிஞ்சுது, விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு சிப் வேணும், அது இல்லாத மெஷின்ல விண்டோஸுக்கு பதிலா இலவசமா கிடைக்கிற லினக்ஸ் போடுங்க, பிரவுசர்லயே வேலை முடியுற ஆளுங்களுக்கு அது நல்லாவே போதும். டிசைன், வீடியோ பண்றவங்க மெஷின மாத்தும்போது அவங்க பழசு கணக்கு பாக்குறவங்களுக்கு போகட்டும். மானிட்டர், கீபோர்டு எல்லாம் அப்படியே வச்சுக்கலாம்.

கை மாத்துறதுக்கு முன்னாடி டேட்டாவ சுத்தமா அழிக்கணும், இதுல மட்டும் தயவுசெஞ்சு அலட்சியம் வேண்டாம். டெலீட், குயிக் ஃபார்மட் ரெண்டும் பத்தாது, எஸ்எஸ்டியா இருந்தா செக்யூர் எரேஸ் (டிரைவ்ல இருக்குறத முழுசா அழிக்கிற வசதி) பண்ணுங்க. பேட்டரி உப்பியிருந்தா உடனே நிறுத்திட்டு இ-வேஸ்ட் எடுக்குறவங்ககிட்ட குடுத்துடுங்க.