வினவல் தரும் நெடுவரிசையின் தரவு வகையை நிரலிலேயே கேளுங்கள்

தரவுத்தள அட்டவணையில் ஒரு நெடுவரிசையின் வகை 'இன்டிஜர்' (முழு எண்) என்று இருக்கிறது, எனவே வினவலின் (எஸ்கியூஎல் குவெரி) விடையிலும் அதுவேதான் வரும் என்று நம்பிவிடாதீர்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இன்டிஜர் நெடுவரிசைக்கு 'சம்' (கூட்டுத்தொகை) போட்டால் வருவது பிக்இன்ட் (பெரிய முழு எண்). 'ஆவரேஜ்' (சராசரி) போட்டால் நியூமெரிக் (தசம எண்). அட்டவணையின் வரையறையைப் பார்த்து நிரல் எழுதியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஜாவாவில் வழி எளிது. வினவலின் விடையை வைத்திருக்கும் ரிசல்ட்செட்டிடம் 'கெட்மெட்டாடேட்டா' கேட்டு, அதில் 'கெட்காலம்டைப்நேம்' அழையுங்கள். தரவுத்தளம் வைத்திருக்கும் வகைப்பெயரே கிடைக்கும். 'கெட்காலம்டைப்' தருவது வெறும் எண்: 12 என்றால் வார்சார் (எழுத்துச் சரம்), 3 என்றால் டெசிமல் (தசம எண்). நெடுவரிசைகளின் வரிசை எண் 0-இல் அல்ல, 1-இல் தொடங்குகிறது. லூப் எழுதும்போது இதை மறக்கவே கூடாது.

பைத்தானில் வினவலை ஓட்டியபின், அதை ஓட்டிய கர்சர் என்ற பொருளின் 'டிஸ்கிரிப்ஷன்' பாருங்கள். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் 7 உறுப்புகள். முதலாவது பெயர், இரண்டாவது வகைக் குறியீடு. போஸ்ட்கிரெஸுக்கான பைத்தான் நூலகமான சைகோபிஜி2-இல் அங்கே 23 வந்தால் இன்டிஜர், 1700 வந்தால் நியூமெரிக். எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் மட்டும் பெயர் தவிர எல்லாமே 'நன்' (வெற்று) என்றுதான் வரும், ஏனென்றால் அங்கே வகை மதிப்போடு ஒட்டியது. அதற்கு வினவலுக்குள்ளேயே 'டைப்ஆஃப்' போட்டுக்கொள்ளுங்கள்.

வகை தெரிந்தால் போதும், தரவு வேண்டாம் என்றால் உங்கள் வினவலை உள்வினவலாக வைத்து, வெளியே 'வேர் 1=0' சேருங்கள். ஒரு வரிசைகூட வராது, நெடுவரிசை விவரம் முழுதாக வந்துவிடும் (பைத்தானில் எஸ்கியூலைட்டுக்கு மட்டும் இது உதவாது). நான் பெரிய அறிக்கை வினவல்களில் முதலில் ஓட்டிப் பார்ப்பது இதைத்தான்.