காலை ஜெபத்துக்குப் பிறகு எகிப்து: வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு நான்கு வாரப் பாடம்

யாத்திராகமம் முதல் அதிகாரத்தை வாசித்து முடித்த அன்று என் மகள் கேட்டாள், "அம்மா, பார்வோன்னா அவரோட பேரா?" நான் சின்ன வயதிலிருந்து ஞாயிறு பள்ளியில் கேட்ட கதை, ஆனால் இந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பார்வோன் பெயர் இல்லை, பட்டம். 'பெரிய வீடு' என்று பொருள்படும் எகிப்தியச் சொல்லிலிருந்து வந்தது, முதலில் அரண்மனையைக் குறித்து, பிறகு அதில் இருக்கும் அரசனையே குறிக்க ஆரம்பித்தது. நம் ஊரில் 'கோட்டையில் முடிவு பண்ணிட்டாங்க' என்றால் அரசாங்கம் என்று எல்லோருக்கும் புரிகிறதே, அப்படித்தான்.

அன்றைக்குத்தான் தோன்றியது, எகிப்தைக் கெட்ட ராஜா இருந்த ஊராக மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு நேராகச் செங்கடலுக்குப் போய்விடுகிறோம் என்று. முதலில் அந்த ஊரின் மண், தண்ணீர், சோறு எல்லாம் தெரிந்தால் வேதத்தில் வருகிற ஒவ்வொரு வரியும் கண்முன்னால் நிற்கும். எங்கள் வீட்டில் பத்து வயது மகளுக்கும் ஏழு வயது மகனுக்கும் செய்து பார்த்ததை அப்படியே சொல்கிறேன்.

நேரம்

ஏழு மணிக்கு குடும்ப ஜெபம், ஒரு பாட்டு. ஏழேகாலுக்கு வேத வாசிப்பு, வாசித்ததைப் பிள்ளைகள் தங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் இருபது நிமிஷம் எகிப்து, எட்டுக்குள் டிபன். இருபது நிமிஷத்துக்கு மேல் இழுக்காதீர்கள், ஒரு காலைக்கு ஒரே ஒரு விஷயம் போதும். ஆரம்பத்தில் நான் ஒரே நாளில் பிரமிடு, மம்மி, தேவன் எகிப்தின்மேல் அனுப்பிய பத்து வாதைகள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கப் பார்த்தேன், மறுநாள் கேட்டால் இரண்டு பேருக்கும் எதுவுமே நினைவில்லை.

முதலில் ஒரு கொடிக்கயிறு

ஐந்து மீட்டர் கயிற்றை ஹாலில் கட்டுங்கள், துணி மாட்டுகிற கிளிப் பத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் என்பது ஆயிரம் வருஷம். இடது கோடியில் கி.மு. 2560 வாக்கில் கூஃபு அரசன் கட்டிய பெரிய பிரமிடு, வலது கோடியில் நாம். நடுவில் இயேசுவின் பிறப்பு, அதற்கு வலப்பக்கம் ஒரு மீட்டர் தள்ளி, 1010-இல் கட்டி முடித்த தஞ்சாவூர் பெரிய கோயில். என் மகனே அளந்து பார்த்துக் கண்டுபிடித்தான், இயேசுவுக்கும் நமக்கும் இருக்கிற தூரத்தைவிட இயேசுவுக்கும் பிரமிடுக்கும் தூரம் அதிகம். யோசேப்பும் மரியாளும் குழந்தையோடு எகிப்துக்கு ஓடிப்போனபோதே அந்தப் பிரமிடுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு வயது.

யாத்திராகமத்துக்கு, அதாவது இஸ்ரவேலர் எகிப்தைவிட்டுப் புறப்பட்டதற்கு, மட்டும் இரண்டு கிளிப் போடுங்கள். கி.மு. 15-ஆம் நூற்றாண்டு என்று ஒரு சாரார் சொல்கிறார்கள், 13 என்று இன்னொரு சாரார், அதைப் பிள்ளைகளிடம் மறைக்கத் தேவையில்லை. எந்தக் கணக்குப்படி பார்த்தாலும் பெரிய பிரமிடு கட்டி ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது, அதனால் இஸ்ரவேலர் பிரமிடு கட்டினார்கள் என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். வேதமும் அப்படிச் சொல்லவில்லை, பித்தோம், ராமசேஸ் என்கிற பண்டசாலைப் பட்டணங்கள் என்றுதான் இருக்கிறது. இந்தத் தவறு வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி வகுப்புகளில்கூட அடிக்கடி காதில் விழுகிறது.

முதல் வாரம்: தாம்பாளத்தில் நைல் நதி

சென்னைப் பிள்ளைகளுக்கு வெள்ளம் என்றால் 2015 டிசம்பர்தான், வீட்டுக்குள் தண்ணீர், மாடியில் உட்கார்ந்திருந்த கதை. வெள்ளம் வந்தால் ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள் என்று சொன்னால் நம்பவே மாட்டார்கள். அதனால் காவிரியிலிருந்து ஆரம்பியுங்கள். ஆடிப்பெருக்கு ஏன் டெல்டா விவசாயிக்குப் பெரிய நாள், புதுத் தண்ணீர் வந்தால்தானே நடவு. நைலிலும் கிட்டத்தட்ட அதே சமயத்தில், ஜூலை வாக்கில் தண்ணீர் ஏறும். எத்தியோப்பிய மலைகளில் பெய்கிற மழை கரிய வண்டலை அடித்துக்கொண்டு வந்து இரண்டு கரையிலும் விட்டுவிட்டு வடியும். அந்த மண்ணை வைத்துத்தான் தங்கள் நாட்டையே அவர்கள் 'கறுப்பு நிலம்' என்றார்கள். வருஷத்தை மூன்றாகப் பிரித்தார்கள், வெள்ளக்காலம், பயிர்க்காலம், அறுப்புக்காலம், ஒவ்வொன்றும் நான்கு மாதம். அஸ்வான் பெரிய அணையை 1970-இல் கட்டி முடித்த பிறகு அந்த வெள்ளம் நின்றுபோனது.

இப்போது ஒரு பெரிய தாம்பாளம் எடுத்து நடுவில் வாய்க்கால் விடுங்கள். வாய்க்காலின் இரண்டு ஓரத்திலும் தொட்டி மண், அதற்கு வெளியே மணல். மண்ணிலும் மணலிலும் வெந்தயம் தூவி, தெற்கு என்று எழுதி வைத்த பக்கத்திலிருந்து வாய்க்காலில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள், ஓரத்து மண் நனைகிற அளவுக்கு மட்டும். நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது, அதனால்தான் மேல் எகிப்து வரைபடத்தில் கீழே இருக்கிறது, இதைக் கையால் ஊற்றிப் பார்த்தால் மறக்காது. தினமும் காலையில் ஒரு தடவை வெள்ளம். மூன்று நான்கு நாளில் மண்ணில் முளை வரும், காய்ந்த மணலில் போட்ட வெந்தயம் அப்படியே கிடக்கும். பஞ்சம் வந்தபோது யாக்கோபின் பிள்ளைகள் ஏன் எகிப்துக்குத் தானியம் வாங்கப் போனார்கள் என்று நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் மதியச் சாப்பாடு எண்ணாகமம் 11:5-இன்படி: மீன், வெள்ளரிக்காய், கீரை, வெங்காயம், பூண்டு. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் ஏங்கிய சாப்பாடு.

இரண்டாம் வாரம்: ஆப்பிள் மம்மி

ஆதியாகமம் ஐம்பதாம் அதிகாரத்தில் யாக்கோபுக்குச் சுகந்தவர்க்கமிட, அதாவது உடல் கெடாமல் பதப்படுத்த, நாற்பது நாள் ஆனது, எகிப்தியர் எழுபது நாள் துக்கங்கொண்டாடினார்கள் என்று இருக்கிறது. யோசேப்பின் உடலையும் அப்படிச் செய்து பெட்டியில் வைத்தார்கள். எகிப்தில் இந்த வேலை முழுக்க முடிய எழுபது நாள் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு, வேதத்தில் இருக்கிற எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர்கள் பயன்படுத்தியது நேட்ரான் என்கிற இயற்கை உப்பு. ஈரத்தை முழுக்க உறிஞ்சிவிட்டால் கெட்டுப்போகாது, காசிமேட்டில் கருவாடு போடுகிறவர்களுக்குத் தெரிந்த அதே சங்கதிதான்.

கல் உப்பைப் பொடித்து, அதே அளவு ஆப்ப சோடா கலந்துகொள்ளுங்கள். ஆப்பிளின் ஒரு துண்டை எடைபோட்டு எழுதிவைத்துவிட்டு ஒரு டம்ளரில் இந்தக் கலவைக்குள் முழுக்கப் புதையுங்கள், இன்னொரு துண்டைச் சும்மா ஒரு டம்ளரில் வையுங்கள். நாங்கள் இதை நவம்பர் மழையில் செய்தோம், மூன்றாம் நாளே உப்பு காற்றிலிருந்த ஈரத்தையும் இழுத்துக் கொழகொழவென்று ஆகிவிட்டது, மகள் அழுதேவிட்டாள். அதனால் மூன்று நாளுக்கு ஒருமுறை கலவையை மாற்றுங்கள், முடிந்தால் ஏப்ரல், மே மாதத்தில் செய்யுங்கள். பத்து நாள் கழித்துத் தட்டிவிட்டு மறுபடி எடைபோட்டால் வித்தியாசம் தெரியும். சாப்பிடக் கூடாது என்று சின்னவர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

இந்த வாரத்தில் எகிப்தின் தேவர்களைப் பற்றிய பேச்சு கண்டிப்பாக வரும். கேலி செய்யாமல் சொல்லுங்கள், நம் பிள்ளைகள் விளையாடுகிற தெருவில் எல்லா நம்பிக்கைக்காரர்களும் இருக்கிறார்கள். ரா சூரியன், ஹாப்பி நைலின் வெள்ளம், ஹெக்கெத் தவளைத் தலை கொண்டவள், இவர்களை அந்த ஜனங்கள் நம்பினார்கள், நாம் யாரை நம்புகிறோம், ஏன் என்று அமைதியாகப் பேசினால் போதும். பத்து வாதைக்கும் பத்து தேவர்கள் என்று பட்டியல் போட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. யாத்திராகமம் 12:12 எகிப்தின் தேவர்கள்மேல் நியாயத்தீர்ப்பு என்று பொதுவாகச் சொல்கிறதே தவிர எதற்கு எது என்று வரிசைப்படுத்தவில்லை, நான் அந்தப் பட்டியலைச் சொல்லிக்கொடுப்பதில்லை.

மூன்றாம் வாரம்: எழுத்தும் செங்கலும்

எகிப்திய எழுத்தில் ஒற்றை ஒலிக்கான குறிகள் ஏறக்குறைய 24, எல்லாம் மெய்யெழுத்துகள், உயிரை எழுதுவதில்லை. தமிழ்ப் பிள்ளைக்கு இது ரொம்பச் சுலபம், மோசே என்றால் ம், ச், அவ்வளவுதான். அரசன் பெயராக இருந்தால் சுற்றி ஒரு நீள்வட்டம். எண்களும் அழகு: ஒன்றுக்குக் கோடு, ஆயிரத்துக்குத் தாமரை, லட்சத்துக்குத் தலைப்பிரட்டை. ஒரே செய்தியை மூன்று எழுத்தில் பொறித்த, 1799-இல் கிடைத்த ரொசெட்டா கல்லை வைத்து 1822-இல் ஷாம்போலியோன் என்கிற பிரெஞ்சு அறிஞர் இந்த எழுத்தைப் படித்த கதையை இங்கே சொல்லுங்கள்.

அப்புறம் செங்கல். களிமண்ணை இரண்டு தீப்பெட்டிக்குள் அடைத்து எடுங்கள், ஒன்றில் பொடியாக நறுக்கிய வைக்கோல் கலந்தது, ஒன்றில் வெறும் மண். வைக்கோலுக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டாம், பழக்கடையில் மாம்பழப் பெட்டிக்குள் இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். மொட்டை மாடியில் மூன்று நாள் காயவிட்டோம், வெறும் மண் விரிசல் விட்டுவிட்டது. அதற்குப் பிறகு யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தை வாசித்தோம், வைக்கோல் தரமாட்டேன், ஆனால் செங்கல் எண்ணிக்கை குறையக்கூடாது என்று பார்வோன் சொல்கிற இடம் வந்தபோது மகன், "வைக்கோலும் அவங்களே தேடணுமா?" என்று கோபமாகக் கேட்டான்.

நான்காம் வாரம்

மத்தேயு இரண்டாம் அதிகாரத்தை வாசியுங்கள், அதே எகிப்து இப்போது அடைக்கலம் தருகிற ஊர். ஏசாயா 19-இன் கடைசி வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள், தேவன் எகிப்தியரை 'என் ஜனம்' என்கிறார்.

கடைசியாக ஒரு மிளகு. கி.மு. 1213-இல் இறந்த பார்வோன் இரண்டாம் ராம்சேஸின் மம்மியின் மூக்கில் மிளகு இருந்தது, மிளகு விளைந்தது நம் தென்னிந்திய மலைப்பக்கம். எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல்-கதீம் என்கிற இடத்தில் கிடைத்த பானை ஓடுகளில் கணன், சாதன் என்று தமிழ்ப் பெயர்கள் தமிழ் பிராமி என்கிற பழைய எழுத்தில் எழுதியிருக்கின்றன, கி.பி. முதல் நூற்றாண்டு வாக்கிலானவை. இதற்கும் கயிற்றில் ஒரு கிளிப் போடுங்கள், இயேசுவின் கிளிப்புக்கு ஒட்டினாற்போல வரும்.

முடித்ததும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள், ஆதிச்சநல்லூரில் கிடைத்த பொருட்கள் அங்கே இருக்கின்றன. நம் மண்ணில் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்தார்கள் என்று சொல்லி, எகிப்தோடு ஒப்பிட்டுப் பேச நல்ல இடம். வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்குப் போகாதீர்கள்.