நண்டுக் கூடத்தில் வேலை எங்கே தேங்குகிறது? தடைக் கோட்பாட்டைப் பயன்படுத்தும் முறை

ராமேஸ்வரம் அருகிலுள்ள மண்டபம் ஊர்ப் பக்கத்தில் நண்டை அவித்து, சதை எடுத்து, தரம் பிரித்து, டப்பாவில் அடைத்து அனுப்பும் கூடம் ஒன்றை நீங்கள் மேற்பார்வை செய்வதாக வைத்துக்கொள்வோம். சரக்கு நேரத்துக்குப் போகவில்லை என்றால், முதலாளி பெரும்பாலும் இன்னொரு கொதிகலன் வாங்கலாம் என்பார். வாங்குவதற்கு முன், இஸ்ரேலிய இயற்பியலாளர் எலியாகு கோல்ட்ராட் 1984-இல் ஒரு நாவலின் வழியாகப் பரவலாக அறிமுகப்படுத்திய தடைக் கோட்பாட்டைப் பொருத்திப் பார்க்கலாம். ஒரு வேலைத் தொடரின் மொத்த வேகத்தை அதன் மிக மெதுவான கட்டமே முடிவு செய்கிறது என்பது அதன் சாரம்.

முதல் படி, தடையைக் கண்டறிதல். எந்தக் கட்டத்துக்கு முன்னால் சரக்கு குவிகிறது என்று ஒரு வாரம் முழுவதும் குறித்து வையுங்கள். ஒரு நாள் கணக்கு போதாது. பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் 3 நாட்களும் நாட்டுப் படகுகளுக்கு 4 நாட்களும் என்று பிரித்திருப்பதால், வரத்தும் நாளுக்கு நாள் மாறும். நம் கணக்குக்கு, மணிக்கு 60 கிலோ நண்டை அவிக்க முடிகிறது. சதை எடுக்கும் 20 பெண்கள் ஆளுக்கு 2 கிலோ வீதம் 40 கிலோவை முடிக்கிறார்கள். டப்பா அடைப்பவர்களால் 70 கிலோ நண்டின் சதையைக் கையாள முடிகிறது. தடை சதை எடுக்கும் மேசையில் இருக்கிறது. புதிய கொதிகலன் வந்தால், அவித்த நண்டு இன்னும் அதிகமாகத் தேங்கிக் கெடும்.

இரண்டாவது படி, அந்தத் தடையிலிருந்து முழுப் பயனையும் பெறுதல். மேசையருகே ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். நண்டு எடுத்து வரவும், ஓட்டைக் கொட்டவும், எடை போட வரிசையில் நிற்கவும் ஒவ்வொருவருக்கும் மணிக்கு 10 நிமிடம் போகிறது என்றால், அந்த வேலைகளுக்கென ஓர் எடுபிடி ஆளைப் போடுங்கள். 50 நிமிடத்தில் நடந்த வேலைக்கு 60 நிமிடம் கிடைக்கும்போது, 40 கிலோ 48 ஆகிறது. செலவு ஒருவரின் கூலி மட்டுமே. இதைச் சாக்காக வைத்துத் தேநீர் இடைவேளையைப் பிடுங்குபவர்கள் உண்டு. ஓய்வில்லாமல் கை சோர்ந்தால் சதையில் ஓட்டுத் துணுக்கு கலக்கும், அதைப் பொறுக்க மறுபடி ஆள் வேண்டும்.

மூன்றாவது படிதான் மனத்துக்குக் கடினமானது: மற்றக் கட்டங்கள் தடையின் வேகத்துக்கு இணங்க வேண்டும். மணிக்கு 48 கிலோவுக்கு மேல் அவிக்காதீர்கள்; மீதி நண்டு ஐஸில் இருக்கட்டும். அவிப்பவர் சும்மா நிற்பதைக் கண்டு முதலாளி முகம் சுளித்தால், தேங்கிக் கெட்ட சரக்கின் கணக்கைக் காட்டுங்கள்.

இதன் பிறகே நான்காவது படியாகப் பணம் போட்டுத் தடையின் திறனைக் கூட்ட வேண்டும். இப்போது ஆளுக்கு 2.4 கிலோ ஆகிவிட்டதால், இன்னும் 10 பெண்களைப் பழக்கிச் சேர்த்தால் மேசையின் திறன் 72 கிலோ ஆகும்.

ஐந்தாவது படி, மீண்டும் முதலிலிருந்து தொடங்குதல். மேசை 72-ஐத் தொட்டதும் 60 கிலோ அவிக்கும் கொதிகலனே தடையாகிவிடும். முதலாளி கேட்ட கொதிகலனுக்கு இப்போதுதான் நியாயம் பிறக்கிறது. ஆயினும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பலத்த காற்றில் நாட்டுப் படகுகளும் இறங்காத நாளில் வரத்தே தடையாகிவிடும். ஆகவே, கொதிகலனுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த மாதங்களின் கொள்முதல் நோட்டையும் புரட்டிப் பாருங்கள்.