டேங்க் காலி என்று எழுதுவதற்கு முன்

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் இருந்து கோவை விமான நிலையத்துக்கும் கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையத்துக்கும் விமானச் சரக்கு அனுப்பும் வேலை எங்களுடையது. புதிதாகச் சேரும் பிள்ளைகள், எங்கள் தலைமுறை செய்த பிழைகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். ஆசிட் கேனும் கேஸ் சிலிண்டரும் கண்ணுக்குத் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். சாதாரண எந்திரத்துக்குள் ஒளிந்திருப்பதுதான் ஆபத்து.

காலி என்று நம்புவது

சைட் வேலை முடிந்து திரும்பிய பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றைப் பேக் செய்த பையனிடம் கேட்டேன். "காலி பண்ணியாச்சுங்ணா" என்றான். சரக்கோடு போகும் பில்லிலும் 'பழைய ஜெனரேட்டர், காலி' என்றே எழுதியிருந்தான். நெடும்பாசேரியில் பெட்டியின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். கார்கோ சேட்டன் குனிந்து மோந்து பார்த்தார், "இது கேற்றான் பற்றில்ல" (இதை ஏற்ற முடியாது) என்று ஓரமாக நிறுத்திவிட்டார். அதனுடன் ஒரே பில்லில் போன பம்ப் உதிரிகளும் நின்றுபோயின. அவற்றுக்காகக் காத்திருந்த ஆலையின் வேலையும் நின்றது.

டேங்கில் உண்மையிலேயே ஒரு சொட்டு இல்லை. ஆனால் எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத் திருகைத் தளர்த்தியதும் பெட்ரோல் ஒழுகியது. இன்றைக்கும் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், எரிச்சலாக இருக்கிறது.

பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிரிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். காற்றில் அந்த ஆவி நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே ஒரு பொறி போதும். நிரம்பிய டேங்கில் ஆவி நிற்க இடமில்லை, வடித்த டேங்கில்தான் காற்றும் ஆவியும் சேர்ந்து நிற்கின்றன. அதனால் வடித்த பிறகு வெட்டவெளியில் வைத்து எஞ்சினைத் தானாக நிற்கும்வரை ஓட்டுங்கள். அப்புறம் அடிக்கிண்ணத்தைத் திறந்து வடியுங்கள். இவ்வளவு செய்தாலும் அது சாதாரணச் சரக்காகிவிடாது. உள்ளே கழுவி ஆவியையும் போக்கியதை எழுத்தில் காட்ட முடியாதவரை, ஆபத்தான பொருள்களுக்கான ஐ.நா. அடையாள எண்களில் பெட்ரோல் எஞ்சினுக்குரிய 3528-இன் கீழ் ஆபத்தான பொருளாகத்தான் அறிவிக்க வேண்டும்.

இதைச் சின்ன விஷயம் என்பவர்களுக்கு நான் சொல்வது, வேல்யூஜெட் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் 592-ஆம் விமானம். 1996 மே 11 அன்று மியாமியில் கிளம்பிய அந்த விமானத்தில் ஏறியது வெளியாள் சரக்கல்ல, அந்த நிறுவனத்தின் சொந்தப் பொருள். வேறு விமானங்களில் இருந்து கழற்றிய பழைய ஆக்சிஜன் ஜெனரேட்டர்கள், அதாவது பயணிகளின் அவசர முகமூடிக்கு ரசாயன வினையால் ஆக்சிஜன் தரும், அப்போது கடுமையாகச் சூடாகும் குப்பிகள். சரக்குச் சீட்டில் 'காலி' என்று எழுதியிருந்தது. அவை காலியில்லை, பாதுகாப்பு மூடியும் போடவில்லை. சரக்கறையில் தீப்பிடித்து விமானம் விழுந்தது. இருந்த 110 பேரும் இறந்தார்கள்.

'டூல்ஸ் – 1 பெட்டி'

ஒரு சர்வீஸ் ஆளின் பெட்டியைத் திறந்து கொட்டிப் பாருங்கள். துரு நீக்கும் ஸ்பிரே, ஒட்டுப் பசை, கேஸில் சூடாகும் சால்டரிங் அயர்ன், டிரில்லுக்கு ஒரு உபரி பேட்டரி. நான்கும் ஆபத்தான பொருள்கள். அந்த உபரி லித்தியம் அயான் பேட்டரி தனியாக வந்தால், 2016 ஏப்ரல் 1 முதல் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றவே தடை. மொத்தமாக 'டூல்ஸ்' என்று எழுதாதீர்கள், ஒவ்வொன்றாக எழுதுங்கள்.

யு.பி.எஸ்.

உள்ளே பேட்டரி இருக்கிறதா, என்ன வகை என்று மூடியைக் கழற்றிப் பார்த்து எழுதுங்கள். முனைகளை மூடாமல் அனுப்பாதீர்கள்.

உப்பிய லேப்டாப்

உள்ளே வீங்கியிருப்பது பேட்டரி. விமானத்தில் கூடாது.

காலாவதியான தீயணைப்பான்

தேதிதான் முடிந்தது. அழுத்தம் உள்ளேயே இருக்கிறது.

பழைய அளவுமானிகள்

ஆய்வகம் இடம் மாறும்போது அழுத்தம் அளக்கும் மேனோமீட்டர், பழைய தெர்மோமீட்டர் எல்லாம் 'கண்ணாடிப் பொருள்' என்று வந்துவிடும். உள்ளே பாதரசம். அது சிந்தினால் விமானத்தின் அலுமினியத்தை அரிக்கும். உடையாமல் இருப்பது மட்டும் போதாது, ஒழுகாத உறைக்குள் வைத்து, பாதரசம் என்றே அறிவிக்க வேண்டும்.

பாதுகாப்புத் தாளை முதல் பக்கத்தோடு மூடிவைப்பது

ரசாயனப் பொருளுக்குத் தயாரிப்பாளர் தரும் இந்தத் தாளின் 16 பகுதிகளில் நமக்கு வேண்டியது 14-வது. போக்குவரத்து விவரம் அங்கேதான் இருக்கும்.